ரவுட்டரின் வாயில் சந்தனம்

எங்கள் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் நான். தாத்தா அடுத்தவர் வயலில் குனிந்து வேலை செய்தவர். அப்பா அனல்மின் நிலையத்தில் ஒப்பந்தக் கூலியாகச் சாம்பல் அள்ளினார். எனக்குக் கிடைத்ததோ சக்கரம் வைத்த சுழல் நாற்காலி. அதில் ஒரு சக்கரம் சுற்றாது. அதையெல்லாம் நான் ஒரு குறையாகவே நினைத்ததில்லை. அந்த நாற்காலி என் கையை விட்டுப் போகப் பார்த்த ஒரு நாளையும், போகாமல் காத்துக் கொடுத்த ஒரு மனிதரையும் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு வார்ப்பாலை. பழைய இரும்பை உலையில் உருக்கி, வால்வுக்கான உடம்புகளை வார்த்து, கடைசல் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்த கையோடு அங்கே சிஸ்டம்ஸ் பிரிவில் சேர்ந்தேன். பிரிவு என்றதும் பெரிய கூட்டத்தைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஓர் அறை, சில கணினிகள், நான். எனக்கு முன்னால் இருந்தவர் வேறு வேலை கிடைத்துப் போகிற அவசரத்தில் சாவியை என் கையில் திணித்து, எல்லாம் தானாக ஓடும், பயப்படாதே என்று சொல்லிவிட்டுப் போனார். எதுவுமே தானாக ஓடாது என்று அடுத்த வாரமே தெரிந்துவிட்டது.

என் முழு வேலையும் ஒரே ஒரு கம்பியை நம்பி இருந்தது. ஐ.எஸ்.டி.என். என்பார்கள். பார்க்கச் சாதாரண டெலிபோன் ஒயர்தான். ஆனால் பேச்சுக்குப் பதில் அதில் எண்கள் ஓடும். எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் ஒயர் சுவரில் மாட்டிய ஒரு வெள்ளைப் பெட்டிக்குள் நுழையும். பெட்டியிலிருந்து ஒரு குட்டை கேபிள் மேசைமேல் இருக்கும் ரவுட்டருக்குப் போகும். தேவைப்படும்போது ரவுட்டர் தானே சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு டயல் செய்து பேசிக்கொள்ளும். சரக்குக்கான பில் அங்கிருக்கும் கணினியிலிருந்துதான் வர வேண்டும். பில் வராமல் செக்யூரிட்டி கேட்டைத் திறக்க மாட்டார். அன்றைய வேகத்தை இன்று சொன்னால் என் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். ஆனால் எங்கள் ஆலைக்கு வெளியுலகம் என்றால் அதுதான்.

மேனேஜர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். முன்கோபக்காரர், அவ்வளவுதான். அத்திப்பட்டிலிருந்து ரயிலேறி வருகிற ஒரு பெண்ணால் இதைச் சமாளிக்க முடியுமா என்ற சந்தேகத்தை அவர் மறைத்ததே இல்லை. பயிற்சிக் காலம் முடியட்டும், பார்க்கலாம் என்று முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். ஆலையில் மற்றவர்களுக்கு நான் ஒரு வேடிக்கை. உலைக் கூடத்து ஆட்கள் என்னைக் 'கம்ப்யூட்டர் பொண்ணு' என்பார்கள். நான் செய்வதை வேலை என்று அவர்களில் யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை. எனக்கும் மூக்கின்மேல் கோபம் வரும். ஆனால் நிரந்தரமாகும் வரை வாயைத் திறப்பதில்லை என்று வைத்திருந்தேன்.

அந்த வருடத்து ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஆலையில் அன்று குடும்பத்தோடு வரலாம். மனைவிமார் பட்டுப்புடவையில் வந்து புருஷன் ஓட்டும் கிரேனை அண்ணாந்து பார்ப்பார்கள். பிள்ளைகளைத் தூக்கி லேத்தின்மேல் உட்கார வைத்துப் போட்டோ எடுப்பார்கள். நானும் அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் வரவில்லை. "மொதல்ல நெரந்தரம் ஆவட்டும்மா. அப்பால வந்து உன் எடத்தப் பாக்கறேன்" என்றார். எத்தனையோ கேட்டுகளுக்கு வெளியே நின்று பழகிய மனிதர். மகள் நிரந்தரமாகாத ஓர் இடத்துக்குள் நுழைய அவருக்கு மனம் வரவில்லை. எனக்கு அன்று வருத்தமாகத்தான் இருந்தது.

எங்கள் ஆலையின் பூஜையில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு மெஷினுக்கும் அதை ஓட்டுகிறவர் பொட்டு வைப்பதில்லை. உலைக் கூடத்து மேஸ்திரிதான் சந்தனக் கிண்ணத்தோடு ஆலை முழுவதும் சுற்றி வந்து எல்லாவற்றுக்கும் வைப்பார். ஒரு மெஷின் விட்டுப்போனாலும் அந்த வருடம் உலையில் ஆபத்து என்பது அவர்கள் நம்பிக்கை. காய்ச்சிய இரும்போடு தினமும் நிற்கிறவர்களின் நம்பிக்கையைக் கேலி செய்ய எனக்குத் தைரியம் கிடையாது. அன்று நான் கேண்டீனில் மற்றப் பெண்களோடு பொரியும் கடலையும் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். அறைச் சாவி செக்யூரிட்டியிடம் இருந்தது. என் அறையில் என்ன நடந்தது என்று நான் பார்க்கவில்லை.

விடுமுறை முடிந்து திரும்பிய காலையில் அறைக் கதவில் பட்டை போட்ட விபூதியும் குங்குமமும் இருந்தன. மானிட்டர் தலையில் வாடிய சாமந்தி. அலுவலகம் முழுக்கச் சந்தன வாசனை. சந்தோஷமாகக் கணினியைத் திறந்தேன். லைன் இல்லை.

கேட்டுக்கு உள்ளே கண்டெய்னர் லாரி ஒன்று சரக்கோடு நின்றுகொண்டிருந்தது. சாயங்காலத்துக்குள் அது சென்னைத் துறைமுகத்துக்குள் போயாக வேண்டும். போகாவிட்டால் கப்பல் போய்விடும். பூஜைக்கு முந்தின வாரம் உலைக் கூடத்து ஆட்கள் சாப்பாட்டு நேரத்தைக்கூடச் சுருக்கிக்கொண்டு வார்த்த சரக்கு அது.

டிஜிட்டல் லைன் படுத்தால் கீழேயிருந்து மேலே பார்த்துக்கொண்டு வர வேண்டும் என்று படித்திருந்தேன். முதல் அடுக்கில் ஒயர் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது. இரண்டாவதில் எக்ஸ்சேஞ்ச் நம் ரவுட்டரை அடையாளம் கண்டுகொண்டதா என்று பார்ப்பது. மூன்றாவதில்தான் டயல் செய்து பேசுவது. ரவுட்டரைக் கேட்டேன், முதல் அடுக்கே செத்துக் கிடக்கிறது என்று திரையில் பதில் வந்தது. சுவர்ப் பெட்டியில் மட்டும் பச்சை விளக்கு அமைதியாக எரிந்தது.

எக்ஸ்சேஞ்சுக்குப் போன் செய்தேன். சோதனை மேசையில் இருந்த அம்மாள் நிதானமான குரல்காரர். அவர் தன் பக்கத்திலிருந்து சோதித்துவிட்டு, பெட்டி வரைக்கும் ஒழுங்காக வருகிறது, அதற்கப்புறம் உங்கள் பக்கம்தான் பார்க்க வேண்டும் என்றார். நான் நம்பாமல் மறுபடி பார்க்கச் சொன்னேன். மறுபடியும் பார்த்தார். சிறிது நேரம் கழித்து வெட்கத்தை விட்டு இன்னொரு தரமும் கூப்பிட்டேன். அப்போதும் அவர் எரிந்து விழவில்லை. எதையும் ஒன்றொன்றாக மாற்றுங்கள், எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் கலைத்துவிடாதீர்கள் என்று மட்டும் சொன்னார். முகம் தெரியாத அந்த அம்மாளுக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன்.

ஒன்றொன்றாக மாற்றினேன். ரவுட்டரை அணைத்துப் போட்டேன். அமைப்புகளை வரிவரியாகப் படித்தேன், யாரும் தொடவில்லை. பெட்டிக்கும் ரவுட்டருக்கும் நடுவில் இருந்த கேபிளை, முனையைக்கூடப் பார்க்காமல் கழற்றி வீசிவிட்டு, பீரோவிலிருந்து உறை பிரிக்காத புதுக் கேபிளை எடுத்து மாட்டினேன். அப்போதும் முதல் அடுக்குக்கு உயிர் வரவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மேனேஜர் அறைக்கும் என் அறைக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்புதான். அவர் தலைமை அலுவலகத்தோடு போனில் பேசியது எல்லாம் என் காதில் விழுந்தது. அந்தப் பக்கத்தில் இருந்தவர்கள் ரவுட்டர் போய்விட்டது, அந்தப் பெண் எதையோ நோண்டிக் கெடுத்திருப்பாள் என்று முடிவே கட்டிவிட்டார்கள் என்பது அவர் பதில்களிலிருந்தே தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அவரே என் அறை வாசலில் வந்து நின்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை.

"ஹெட் ஆபீஸ்லேர்ந்து ஒரு இன்ஜினியர் கெளம்பிட்டாரு. அவர் வர்றதுக்குள்ள லைன் வரலன்னா, சாவிய அவர்கிட்ட குடுத்துட்டு நீங்க கெளம்பிடுங்கம்மா. நாளையிலேர்ந்து வர வேணாம்."

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் எந்த முகத்தோடு சொல்வது என்பதுதான் முதலில் வந்த நினைப்பு. கண்ணீர் வந்தது, அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. போகிறவள் ஒழுங்காகவே போகிறேன், நாளைக்கு வருகிறவன் ஒரு சொல் சொல்லக் கூடாது என்று மேசையைத் துடைத்தேன். சாப்பாட்டுப் பையை எடுத்து முன்னால் வைத்தேன். புதுக் கேபிளைத் திரும்ப உறையில் போட்டு வைப்பதற்காக ரவுட்டரிலிருந்து உருவினேன்.

அதன் முனையில் மஞ்சளாகத் தூள் ஒட்டியிருந்தது.

காலையில்தான் உறையைப் பிரித்த கேபிள். மூக்கருகே கொண்டுபோனேன். சந்தனம். செக்யூரிட்டியின் டார்ச்சை வாங்கி வந்து ரவுட்டரின் துளைக்குள் அடித்துப் பார்த்தேன். உள்ளே இருந்த மெல்லிய பித்தளைக் கம்பிகள் தெரியவே இல்லை. சந்தனம் காய்ந்து அடையாகப் படிந்திருந்தது.

அப்போதுதான் மேஸ்திரி வந்தார். நல்ல உயரம், கரகரத்த குரல், முழங்கை வரை நெருப்புப் பொறி பட்ட தழும்புகள். என்னோடு அதற்கு முன் நாலு வார்த்தை பேசியிருப்பாரா என்பது சந்தேகம். லாரி ஏன் இன்னும் நகரவில்லை என்று கேட்கத்தான் வந்திருந்தார்.

"மேஸ்திரிண்ணா, பூஜை அன்னிக்கு இதுல நீங்க சந்தனம் வெச்சீங்களா?" என்று கேட்டேன்.

"ஆமா, நாந்தான் வெச்சேன்" என்றார், கொஞ்சம் பெருமையாகவே. "ஆபீஸ் ஆளுங்க இத எனக்குக் காட்டாம போயிட்டாங்கோ. லைன்லேர்ந்து பில்லு இதுலதான வருது, இதுவும் மெஷின்தான? எந்த மெஷினா இருந்தாலும் வாயிலதான் பொட்டு வெக்கணும். வெளிய இருந்து வர்ற ஒயரு எதுன்னு செக்யூரிட்டிய கேட்டு, அதக் கழட்டி, வாயில வெச்சுட்டு, திரும்ப அப்பிடியே மாட்டினேன்."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. உலைக்கு அவர்கள் வாயில்தான் வைப்பார்கள். இரும்பு போடுகிற இடத்தில். மணல் கலக்கும் மெஷினுக்கு மணல் விழும் இடத்தில். ரவுட்டருக்கும் தீனி நுழையும் வாயைச் சரியாகத் தேடிப் பிடித்து வைத்திருக்கிறார். ஆலை முழுக்க வேடிக்கையாகப் பார்த்த என் பெட்டியை உலையோடும் கிரேனோடும் சேர்த்து ஒரு மெஷினாகக் கணக்கில் எடுத்த ஒரே ஆள் அவர்தான். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அவர் என் முகத்தைப் பார்த்தார். மேசைமேல் தயாராக இருந்த சாப்பாட்டுப் பையைப் பார்த்தார். இதனால்தான் லைன் வரவில்லையா என்று கேட்டார். இருக்கலாம், இன்னும் நிச்சயமாகத் தெரியாது என்றேன். மேனேஜர் என்ன சொன்னார் என்று கேட்டார். சொன்னேன்.

அவருக்கு ஏற்கெனவே ஒரு மெமோ இருந்தது. உலைக் கூடத்தில் தலைக்கவசம் இல்லாமல் நின்றதற்காகக் கொடுத்தது. இன்னொன்று வந்தால் மேஸ்திரி வேலையிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்று ஆலையில் எல்லாருக்கும் தெரியும். சந்தனத்தைச் சத்தமில்லாமல் துடைத்து எடுத்திருந்தால் விஷயம் எங்கள் இருவரோடு முடிந்திருக்கும். லைன் வந்தால் பிழைத்தோம். வராவிட்டால் பழி என் தலையோடு போயிருக்கும். அவர் அதையெல்லாம் யோசித்ததாகத் தெரியவில்லை. திரும்பி நேராக மேனேஜர் அறைக்குள் போனார். தடுப்புக்கு இந்தப் பக்கம் டார்ச்சும் கையுமாக நின்று கேட்டேன்.

"சார், அந்தப் பொண்ணு ஒண்ணும் பண்ணல. பூஜை அன்னிக்கு ஒயர கழட்டி உள்ள சந்தனம் வெச்சது நானு. மெமோ குடுக்கறதுன்னா எனக்குக் குடுங்க. அத வேலைய வுட்டு அனுப்பாதீங்க."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு மேனேஜரின் குரல் இறங்கி வந்தது.

"நீ வெக்கறப்போ பக்கத்துல கற்பூரத் தட்ட புடிச்சிட்டு நின்னது நான்தானய்யா."

இருவரும் சேர்ந்தே என் அறைக்கு வந்தார்கள். சரி செய்ய முடியுமா என்று மேனேஜர் கேட்டார். முயற்சி செய்கிறேன் என்றேன். ரவுட்டரின் மின்சாரத்தைப் பிடுங்கினேன். முதலுதவிப் பெட்டியிலிருந்து ஸ்பிரிட்டும் பஞ்சும் வந்தன. தீக்குச்சி முனையில் பஞ்சைச் சுற்றி, ஸ்பிரிட்டில் தொட்டு, துளைக்குள் விட்டு மெல்ல மெல்லத் துடைத்தேன். மேஸ்திரி டார்ச்சைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு பஞ்சையும் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். பஞ்சு மஞ்சளாக வந்துகொண்டே இருந்தது. கடைசியாக ஒரு பஞ்சு வெள்ளையாக வந்தது. ஈரம் காயட்டும் என்று மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு மூன்று பேரும் காத்து நின்றோம்.

கேபிளை மாட்டினேன். சுவிட்சைப் போட்டேன். ரவுட்டர் விழித்துக்கொள்ள எடுத்துக்கொண்ட நேரம் எனக்கு ஒரு யுகம். பிறகு விளக்கு மினுக்கியது, அணைந்தது, எரிந்து நின்றது. முதல் அடுக்கு உயிரோடு என்றது திரை. அடுத்து இரண்டாவது. சென்னைக்கு ஒரு டயல் போய், எதிர்ப்பக்கம் பதில் சொன்னது. போன உயிர் திரும்பி வந்தது எனக்கு. எக்ஸ்சேஞ்ச் அம்மாளுக்குச் சொல்லலாம் என்று போன் செய்தேன். நான் வாயைத் திறப்பதற்குள், "இங்க நானும் பார்த்துட்டேன்மா, வந்துடுச்சு" என்றார். கூப்பிடாமலேயே அவர் என் லைனைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

பில் அச்சாகி வெளியே வந்தது. லாரி கேட்டைத் தாண்டியது. சென்னையிலிருந்து கிளம்பிய இன்ஜினியர் வந்து சேர்ந்தபோது மேனேஜர் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, ஒயரில் தூசு இருந்தது, எங்கள் ஆளே பார்த்துவிட்டார் என்று சொல்லி அனுப்பினார். 'எங்கள் ஆள்' என்று அவர் என்னைச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. மேஸ்திரிக்கு மெமோ எதுவும் வரவில்லை. எனக்கு யார்மேலும் ஒரு வருத்தமும் மிச்சமில்லை.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் நடந்ததையெல்லாம் கொட்டினேன். சாம்பல் படிந்த சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து கேட்டார். லைன் எப்படி வந்தது என்பதில் அவருக்கு அக்கறையில்லை. மேஸ்திரி தானாகவே போய்ச் சொன்னாரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். சரியாகும் என்று தெரிவதற்கு முன்னாலேயா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகுதான் எழுந்து சட்டையைக் கழற்றினார். இத்தனை வருட ஒப்பந்த வேலையில், அடுத்தவன் செய்த தப்புகள் எத்தனை அவர் தலையில் விழுந்தன என்பது அம்மாவுக்கும் எனக்கும் தெரியும். ஒரு தரம்கூட யாரும் நான்தான் செய்தேன் என்று வந்து நின்றதில்லை.

பயிற்சிக் காலம் முடிந்து நிரந்தர உத்தரவு வந்தது. அடுத்த ஆயுத பூஜைக்கு அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் என்னோடு ரயிலேறினார். என் அறைக்குள் நுழைய மாட்டேன் என்று வாசலிலேயே நின்றார். பிடித்து இழுத்து என் நாற்காலியில் உட்கார வைத்தேன். சுற்றாத அந்தச் சக்கரத்தைக் குனிந்து பார்த்து, எண்ணெய் விட்டால் சரியாகும் என்றார்.

அப்போது சந்தனக் கிண்ணத்தோடு மேஸ்திரி வந்தார். பின்னால் கற்பூரத் தட்டோடு மேனேஜர். மேஸ்திரி அறைக்குள் வரவில்லை. வாசலில் நின்றபடியே கிண்ணத்தை என்னிடம் நீட்டினார்.

"இதுக்கு நீயே வெச்சிடும்மா" என்றார்.

அந்த ஆலையில் மேஸ்திரி கை தவிர வேறு கை பொட்டு வைத்து யாரும் பார்த்ததில்லை. ரவுட்டரின் மேல் மூடியில், காற்றுத் துளைகளைத் தாண்டிப் பத்திரமான ஓர் இடத்தில் வைத்தேன். மேனேஜர் கற்பூரம் காட்டினார். அப்பா எழுந்தார். நேராக மேஸ்திரியிடம் போய் அவருடைய கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டார்.

"எம் பொண்ணுக்காக நீங்க போய் பேசனீங்களாமே."

மேஸ்திரி கூச்சத்தில் நெளிந்தார். கையை உருவிக்கொள்ளப் பார்த்தார். அப்பா விடவில்லை.

"நான் இன்னாங்க பேசனேன்? நான் செஞ்சத நான் செஞ்சேன்னு சொன்னேன்."

"அதத்தாங்க சொல்றேன்" என்றார் அப்பா.